நியூபோர்ட்டின் ஜான் ஸ்டீவன்ஸ் பட்டறை: மூன்று நூற்றாண்டுக் கல்லெழுத்து

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அட்லாண்டிக் கடலோரத் துறைமுக நகரம் நியூபோர்ட். அங்கே தேம்ஸ் தெருவில் 29ஆம் எண்ணில் இயங்குகிறது ஜான் ஸ்டீவன்ஸ் ஷாப் என்ற கல் பட்டறை. 1705இல் தொடங்கிய இது, அந்நாட்டில் இடைவிடாமல் நடந்துவரும் மிகப் பழைய தொழிலகங்களுள் ஒன்று. கல்லறைக் கற்களையும் நினைவுக் கல்வெட்டுகளையும் வெட்டித் தருவதே இதன் தொழில். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டே குடும்பங்கள்தான் இதை நடத்தியிருக்கின்றன. 1927 வரை ஸ்டீவன்ஸ் குடும்பத்தின் கையில் இருந்தது. அதன்பின் பென்சன் குடும்பத்தின் கைக்கு வந்தது. கல்லறைக்கல் தொழில் அமெரிக்கா முழுவதும் ஆலைத் தொழிலாக மாறிய காலத்தில் இந்தப் பட்டறையும் ஏறக்குறைய அழிந்துபோனது. பிறகு அது மீண்டதற்குக் காரணம் பெரிய முதலீடோ இயந்திரமோ அல்ல. கல்லில் எழுத்தை எப்படி வரைவது, எப்படி வெட்டுவது என்ற ஒரே கேள்வியை அதன் புதிய உரிமையாளர்கள் விடாமல் பற்றிக்கொண்டதுதான்.

தொடக்கம்

பட்டறையை நிறுவிய முதலாம் ஜான் ஸ்டீவன்ஸ் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். 1705இல் நியூபோர்ட்டில் தொழில் தொடங்கி, 1736இல் இறந்தார். அந்த நாளில் கல்வேலைக்காரர் கல்லறைக் கல்லை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. வீட்டுக்கு அடித்தளம் போடுவது, புகைபோக்கி கட்டுவது, செங்கல் அடுக்குவது, சுவருக்குச் சாந்து பூசுவது ஆகியவையும் அவருடைய வேலைகளே. பட்டறையின் பழைய கணக்குப் புத்தகங்களில் இந்த வேலைகளுக்கு இடையேதான் கல்லறைக் கற்களுக்கான வரவும் எழுதப்பட்டிருக்கிறது. காலனிகளில் நாணயத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததால், வணிகர்களும் கைவினைஞர்களும் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் கணக்கு வைத்து, பொருளாகவும் உழைப்பாகவும் கடனைத் தீர்த்துக்கொண்டனர்.

தொழில் வளர்வதற்கு ஊரும் ஏற்றதாக இருந்தது. ரோட் ஐலண்ட் மதச் சுதந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு உருவான காலனி. பாப்டிஸ்ட்கள், குவேக்கர்கள், ஆங்கிலிக்கன் சபையினர், யூதர்கள் எனப் பல சமயத்தவர் நியூபோர்ட்டில் வாழ்ந்தனர். எந்தச் சபைக்கும் தனியே சொந்தமில்லாத பொது இடுகாடு ஒன்று 1640இலிருந்தே அங்கே இருந்தது. பட்டறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அந்த இடுகாட்டில் இன்றும் ஸ்டீவன்ஸ் குடும்பத்தார் வெட்டிய கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கடல் வணிகத்தில் பணம் சேர்ந்ததும், இறந்தவர் நினைவாக நல்ல கல் நடவேண்டும் என்ற விருப்பமும் வசதியும் ஊராரிடம் கூடின.

கல்லும் உருவமும்

ஸ்டீவன்ஸ் பட்டறையின் முதன்மைப் பொருள் சிலேட்டுக் கல். கடற்சேறு பூமிக்கடியில் அழுத்தத்தால் இறுகி உண்டாகும் கல் இது. படிவம் படிவமாக இருப்பதால் மெல்லிய பலகையாகப் பிளக்கலாம். துகள்கள் நுண்மையாக இருப்பதால் உளி பட்ட இடத்தில் விளிம்பு சிதறாது. மெல்லிய கோடும் கூர்மையாக நிற்கும். புதிதாக வெட்டிய இடம் சுற்றியுள்ள கருமையைவிட வெளிறித் தெரிவதால், வண்ணம் பூசாமலே எழுத்தைப் படிக்க முடியும். நல்ல சிலேட்டு மழைக்கும் பனிக்கும் அசையாமல் நிற்கும். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது. படிவங்களுக்கு இடையே நீர் புகுந்து உறைந்தால் மட்டும் முகப்பு உரிந்துவிடும்.

அக்காலக் கல்லறைக் கல்லுக்கு நிலையான ஒரு வடிவம் உண்டு. மேலே நடுவில் அரைவட்ட வளைவு, இருபுறமும் சிறிய தோள்கள், கீழே இரண்டு பக்கமும் அலங்காரப் பட்டைகள், நடுவே பெயரும் நாளும் வயதும். கட்டிலின் தலைப்பலகையை ஒத்த தோற்றம். தலைமாட்டில் பெரிய கல்லும் கால்மாட்டில் சிறிய கல்லும் நடுவது வழக்கம். மண்ணுக்குள் புதையும் பகுதியும் பின்புறமும் பெரும்பாலும் செப்பனிடப்படாமல் கரடாகவே விடப்படும்.

வளைவுக்குள் என்ன செதுக்குவது என்பது காலந்தோறும் மாறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூ இங்கிலாந்து முழுவதும் சிறகு முளைத்த மண்டையோடு பரவலாக இருந்தது. உடலின் அழிவை நினைவூட்டும் கடுமையான குறி அது. 18ஆம் நூற்றாண்டு நகர நகர, அந்த இடத்தைச் சிறகுடைய குழந்தை முகம் பிடித்துக்கொண்டது. ஆன்மா மேலே செல்லும் என்ற நம்பிக்கை அதில் முன்னுக்கு வந்தது. நூற்றாண்டின் முடிவில் கலசமும் வில்லோ மரமும் வந்தன; கல் இறந்தவரைவிடத் துக்கப்படுவோரின் உணர்வைப் பேசத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் இடுகாடுகளை ஆராய்ந்த எட்வின் டெத்லெஃப்சனும் ஜேம்ஸ் டீட்ஸும் 1960களில் இந்த மாற்றத்தை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டுக் காட்டினர். ஆண்டு பொறித்த கற்கள் நிறைந்த இடுகாடு ஒரு சமூகத்தின் மனமாற்றத்தை அளக்கும் ஆவணமாகும் என்பதை அவர்கள் கட்டுரை தொல்லியலாளர்களுக்கு உணர்த்தியது.

எழுத்தின் வரலாறும் இந்தக் கற்களில் தெரிகிறது. கல்வெட்டுபவர் முதலில் கல்மேல் மெல்லிய வழிக்கோடுகளைக் கீறிக்கொள்வார். அச்சுப் புத்தகங்களிலும் எழுத்தாசான்களின் மாதிரி ஏடுகளிலும் பார்த்த வடிவங்களைக் கல்லுக்குக் கொண்டுவருவார். இடம் போதாவிட்டால் இரண்டு எழுத்துகளை ஒட்டுவார். விட்டுப்போன எழுத்தை வரிக்கு மேலே சிறிதாக நுழைப்பார். அந்நாளில் எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இந்தத் தனிப் பழக்கங்களை வைத்துத்தான் கையொப்பமில்லாத கற்களையும் இன்னார் வெட்டியது என்று பிற்கால ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர்.

பட்டறையின் மனிதர்கள்

முதலாம் ஜானுக்குப் பிறகு அவர் மகன் இரண்டாம் ஜான் ஸ்டீவன்ஸ் பட்டறையை நடத்தினார். அவர் காலத்தில்தான் நியூபோர்ட் வணிகத்தின் உச்சத்தில் இருந்தது. உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் அதே வேலையைப் பழகினர். மூன்றாம் ஜான் ஸ்டீவன்ஸ் அவர்களுள் திறமை மிக்கவராகக் கருதப்படுகிறார். பொதுவான குழந்தை முகத்தை விட்டு, இறந்தவரின் சாயலைக் காட்டும் உருவங்களை அவர் செதுக்க முயன்றார். அதே தலைமுறையில் நியூபோர்ட்டில் பெயர் பெற்ற மற்றொரு கல்வெட்டுக்காரர் ஜான் புல். ஒரே குடும்பத்தின் குழந்தைகள் ஆறு பேருக்காக அவர் வெட்டிய கல்லில் ஆறு சிறகு முகங்கள் ஒரே வரிசையில் உள்ளன. குழந்தை இறப்பு எவ்வளவு மிகுதியாக இருந்தது என்பதற்கும் அந்தக் கல் சான்று.

பட்டறையின் உழைப்பில் அடிமைகளுக்கும் பங்கு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் காலனிகளின் அடிமை வணிகத்தில் ரோட் ஐலண்ட் முதலிடம் வகித்தது. 1709 முதல் 1807 வரை அதன் வணிகர்கள் ஆப்பிரிக்காவுக்கு 900க்கும் மேற்பட்ட பயணங்களை அனுப்பி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினர். 1774இல் நியூபோர்ட்டின் மக்கள்தொகை சுமார் 9,200. அதில் 1,200க்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பொது இடுகாட்டின் வடபகுதியில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் இன்று ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் காலனிக் காலக் கறுப்பினத்தவரின் பெயர் பொறித்த கற்கள் இவ்வளவு எண்ணிக்கையில் எஞ்சியிருக்கும் இடங்கள் மிக அரிது.

ஸ்டீவன்ஸ் பட்டறையில் வேலை செய்த பொம்பே ஸ்டீவன்ஸ் என்ற ஆப்பிரிக்க அடிமையின் கைவேலையும் அங்கே இருக்கிறது. 1768 டிசம்பர் 27 அன்று 40 வயதில் இறந்த கஃபி கிப்ஸ் என்பவருக்கான கல்லில், அதை வெட்டியவர் பொம்பே ஸ்டீவன்ஸ் என்றும், இறந்தவர் தன் சகோதரர் என்றும் அவர் பொறித்திருக்கிறார். வெட்டியவர் பெயர் கல்லில் இடம்பெறுவதே அக்காலத்தில் அரிது. இங்கே இறந்தவர் பெயருக்கும் முன்னால், வாசகத்தின் தொடக்கத்திலேயே அது வருகிறது. உடன்பிறந்த இருவருக்கும் குடும்பப் பெயர்கள் வேறாக இருப்பதற்குக் காரணம், அவை அவரவர் உரிமையாளர்களின் பெயர்கள் என்பதே. விலைக்கு வாங்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்த இருவர் உடன்பிறந்தவர்கள் என்ற செய்தி இந்தக் கல்லால் பதிவாகியிருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒருவர் கையொப்பமிட்ட மிகப் பழைய கலைப்படைப்புகளுள் ஒன்றாக அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர்.

சரிவு

நியூபோர்ட்டின் செழிப்பு அமெரிக்க விடுதலைப் போரோடு முடிந்தது. 1776 டிசம்பர் முதல் 1779 அக்டோபர் வரை பிரிட்டிஷ் படை நகரத்தைப் பிடித்து வைத்திருந்தது. மக்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினர், வணிகர்கள் திரும்பவில்லை, அருகிலிருந்த பிராவிடன்ஸ் முன்னேறியது. வாடிக்கையாளர் குறைந்தாலும் ஸ்டீவன்ஸ் குடும்பம் தொழிலை விடவில்லை.

19ஆம் நூற்றாண்டில் தொழிலின் தன்மையே மாறியது. முதலில் சிலேட்டின் இடத்தை வெண்பளிங்கு பிடித்தது. செதுக்க எளிது, பார்வைக்கு அழகு என்றாலும், அமிலம் கலந்த மழையில் அது கரைந்து எழுத்து மழுங்கியது. 1831இல் பாஸ்டன் அருகே திறக்கப்பட்ட மவுண்ட் ஆபர்ன், இடுகாட்டை மரங்களும் நடைபாதைகளும் உள்ள பூங்காவாக மாற்றிய புதுமுறைக்கு வழிகாட்டியது. அங்கே குடும்பங்கள் தனித்தனி மனைகளை வாங்கி, தூபிகளும் சிலைகளும் எழுப்பின. ஊர்ப் பட்டறையில் வெட்டும் சிறு கல்லுக்கு அந்தச் சூழலில் மதிப்புக் குறைந்தது.

அடுத்து வந்தது கருங்கல்லின் காலம். ரயில் பாதை வந்த பிறகு வெர்மான்ட் மாநிலத்தின் பாரே நகரம் கல்லறைக்கல் ஆலைகளின் தலைநகராயிற்று. ஸ்காட்லாந்திலிருந்தும் இத்தாலியின் கராரா பகுதியிலிருந்தும் தேர்ந்த கல்தச்சர்கள் அங்கே குடியேறினர். காற்றழுத்தத்தால் இயங்கும் உளி வேலையை விரைவாக்கியது. அதோடு நுண்ணிய கல்தூசியையும் கிளப்பியது. மூடிய கொட்டகைகளில் அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்கள் பலர் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் இளம் வயதிலேயே இறந்தனர். பிறகு மணல்வீச்சு முறை பரவியது. 1870இல் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை பெற்ற நுட்பம் இது. கல்மேல் ரப்பர் தாளை ஒட்டி, எழுத்துள்ள இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, மணலை வேகமாகப் பீய்ச்சினால் திறந்த இடம் குழியும். எழுத்து பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பொருளாயிற்று. தூரத்து ஆலையில் செய்த கல்லை வரவழைத்து, பெயரை மட்டும் பொறித்து விற்பவராக ஊர் வியாபாரி மாறினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீவன்ஸ் பட்டறையும் பழைய புகழின் நிழலாகவே எஞ்சியிருந்தது.

1927: கைமாற்றம்

ஸ்டீவன்ஸ் குடும்பத்திடமிருந்து பட்டறையை 1927இல் வாங்கியவர் ஜான் ஹோவர்ட் பென்சன். 1901இல் பிறந்தவர்; நியூயார்க்கில் ஓவியமும் சிற்பமும் படித்தவர். கல்தொழில் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். நியூபோர்ட் இடுகாட்டின் பழைய சிலேட்டுக் கற்களே அவருக்கு இந்தத் தொழிலில் நாட்டம் ஏற்படுத்தின. அதே 1927இல்தான் ஹாரியட் மெரிஃபீல்ட் ஃபோர்ப்ஸ் தாம் எடுத்த புகைப்படங்களோடும் ஆவணச் சான்றுகளோடும் நியூ இங்கிலாந்தின் பழைய கல்வெட்டுக்காரர்களைப் பற்றிய முதல் விரிவான நூலை வெளியிட்டார். அதுவரை பழம்பொருளாக மட்டுமே பார்க்கப்பட்ட கற்கள், பெயருள்ள கலைஞர்களின் படைப்புகளாக மதிக்கப்படத் தொடங்கிய காலம் அது.

பென்சன் பழைய கற்களை அப்படியே நகல் எடுக்கவில்லை. சிலேட்டையும் கையுளியையும் திரும்பக் கொண்டுவந்தார். எழுத்தின் இலக்கணத்தை அடிப்படையிலிருந்து ஆராய்ந்தார். எழுதுகருவி, அது பிடிக்கப்படும் கோணம், கை நகரும் வரிசை ஆகியவற்றிலிருந்தே எழுத்தின் வடிவம் பிறக்கிறது என்பது அவர் கருத்து. ஆர்தர் கிரஹாம் கேரியுடன் சேர்ந்து 1940இல் எழுத்துக்கலை பற்றிய பாடநூல் ஒன்றை வெளியிட்டார். ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் கல்லூரியில் கற்பித்தார். 16ஆம் நூற்றாண்டில் லுடோவிகோ அரிகி எழுதிய சாய்வெழுத்துக் கையேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முழுவதையும் அதே பாணியில் தம் கையால் எழுதி நூலாக்கினார். 1956இல் அவர் இறந்தபோது பட்டறை அளவில் சிறியதாகவே இருந்தது. ஆனால் எழுத்துக்கலை அறிந்தோரிடையே நியூபோர்ட்டின் பெயர் நிலைத்துவிட்டது.

தேசிய நினைவகங்கள்

ஜான் ஹோவர்ட் பென்சனின் மகன் ஜான் எவரெட் பென்சன் 1939இல் பிறந்தவர். ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் சிற்பம் படித்து முடித்து, 1961இல் பட்டறைப் பொறுப்பை ஏற்றார். அவருடைய தேர்ச்சிக்கு ரோம நகரின் டிராஜன் தூண் கல்வெட்டு ஒரு முக்கியமான அளவுகோல். கி.பி. 113ஐச் சேர்ந்த அந்தக் கல்வெட்டின் பேரெழுத்துகள் ரோமன் பேரெழுத்து வடிவங்களுக்கு முன்மாதிரியாகக் கருதப்படுபவை. ரோமானியர் அவற்றை முதலில் தட்டைத் தூரிகையால் கல்மேல் எழுதிக்கொண்டு பிறகே உளியால் வெட்டினர் என்று அமெரிக்கப் பாதிரியார் எட்வர்ட் காடிச் 1968இல் வெளியான நூலில் நிறுவினார். எழுத்தின் முனைகளில் உள்ள சிறு நீட்சிகள் உளியால் வந்தவை அல்ல, தூரிகையின் திருப்பத்தால் வந்தவை என்பது அவர் வாதம். அந்தத் தூரிகை முறையைப் பென்சன் பட்டறை தன் அன்றாட வேலைமுறையாக ஆக்கிக்கொண்டது.

இருபதுகளின் நடுவிலேயே ஜான் எவரெட் பென்சனுக்கு ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் ஜான் எஃப். கென்னடி நினைவிடத்தின் கல்வெட்டு வேலை கிடைத்தது. கென்னடியின் பதவியேற்பு உரைப் பகுதிகளை அவர் அங்கே பொறித்தார். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்திலும், 1997இல் திறக்கப்பட்ட ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நினைவகத்திலும் அவருடைய எழுத்துகள் உள்ளன. லாரன்ஸ் ஹால்ப்ரின் வடிவமைத்த ரூஸ்வெல்ட் நினைவகத்தில் பார்வையாளர் சுவர்களினூடே நடந்துகொண்டே படிக்கிறார். எனவே எழுத்தின் அளவும் இடைவெளியும் கட்டட அமைப்பின் பகுதியாகவே திட்டமிடப்பட்டன. தலைக்கு மேலேயும் சில அடி தூரத்திலும் நிற்கும் கருங்கல் எழுத்துக்கும், குனிந்து படிக்கும் சிலேட்டு எழுத்துக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. அவர் சில அச்செழுத்து வகைகளையும் வடிவமைத்தார். 1990களில் அடோபி நிறுவனம் அவற்றை வெளியிட்டது.

அவர் மகன் நிக்கோலஸ் பென்சன் பதினைந்து வயதிலேயே பட்டறையில் வேலை பழகத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எழுத்து வடிவமைப்புப் படித்தார். 1993இல் பொறுப்பு அவரிடம் வந்தது. 2004இல் திறக்கப்பட்ட இரண்டாம் உலகப் போர் நினைவகம், 2011இல் திறக்கப்பட்ட மார்ட்டின் லூதர் கிங் நினைவகம் ஆகியவற்றின் எழுத்துகள் அவருடையவை. ஒவ்வொரு நினைவகத்துக்கும் அதன் கல், கட்டடக்கலை, சொல்லப்படும் செய்தி ஆகியவற்றைக் கருதிப் புதிய எழுத்து வகையை வரைவது அவர் வழக்கம். 2007இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் உயரிய விருதையும், 2010இல் மக்ஆர்தர் நல்கையையும் பெற்றார். அவருடைய சித்தப்பாவும் புகைப்படக் கலைஞருமான ரிச்சர்ட் பென்சன் அதே மக்ஆர்தர் நல்கையை 1986இல் பெற்றிருந்தார்.

வேலைமுறை

ஒரு கல்லறைக் கல் உருவாவதற்கு முதல் படி வாசகத்தை முடிவு செய்வது. குடும்பத்தாரிடம் பேசி, எத்தனை வரி, எந்தச் சொல் எங்கே என்று ஒழுங்கு செய்கின்றனர். சிறிய மாதிரி வரைந்த பிறகு முழு அளவில் தூரிகையால் எழுதுகின்றனர். எழுத்துகளுக்கிடையே அளவுகோலால் அளந்து சம தூரம் விடுவதில்லை. வட்ட எழுத்தும் நேர்க்கோட்டு எழுத்தும் அருகருகே வரும்போது கண்ணுக்குச் சமமாகத் தெரியும்படி கையாலேயே சரிசெய்கின்றனர். வரைந்ததைக் கல்லுக்கு மாற்றியபின் உளியும் சுத்தியும் கொண்டு வெட்டுகின்றனர்.

வெட்டின் குறுக்குத் தோற்றம் ஆங்கில ‘வி’ வடிவில் இருக்கும். இரண்டு சரிவுகளும் நடுவில் ஒரே கோட்டில் கூடவேண்டும். வெயில் ஒரு பக்கமாக விழும்போது ஒரு சரிவு ஒளிரும், மறு சரிவு நிழலாகும். அந்த வேறுபாடுதான் எழுத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. கோடு தடிக்கும் இடத்தில் வெட்டு ஆழமாகும்; மெலியும் இடத்தில் மேலெழும். மணல்வீச்சில் குழியின் அடி பெரும்பாலும் தட்டையாகவும் ஒரே ஆழமாகவும் அமைவதால் இந்த ஏற்றத்தாழ்வு கிடைப்பதில்லை.

இயந்திர முறை தாழ்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் வீரர் நினைவகத்தில் 58,000 பெயர்களுக்கு மேல் உள்ளன. பெங்களூர்ப் பகுதியிலிருந்து சென்ற கருங்கல் பாரேயில் வெட்டி மெருகேற்றப்பட்டது. பெயர்கள் மெம்ஃபிஸ் நகரில் துகள்வீச்சு முறையில் பொறிக்கப்பட்டன. அத்தனை பெயர்களையும் ஒரே சீராகக் குறுகிய காலத்தில் கையால் வெட்டி முடிப்பது இயலாத காரியம். இன்று உலகக் கல்லறைக்கல் சந்தைக்குக் கர்நாடகத்தின் கற்களோடு தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, விழுப்புரம் பகுதிகளின் கருங்கல்லும் பெருமளவில் ஏற்றுமதியாகிறது. கணினியில் அமைத்த எழுத்தும் ஒளிக்கதிர்ப் பொறிப்பும் அந்தச் சந்தையின் பொதுவழக்கு.

நிலைத்ததன் காரணம்

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய கல்லறைக்கல் பட்டறைகள் ஏறக்குறைய எல்லாம் மறைந்துவிட்டன. பாஸ்டன் அருகே சார்ல்ஸ்டவுனில் தலைமுறைகளாகப் புகழ்பெற்றிருந்த லாம்சன் குடும்பத்தின் தொழிலும் தொடரவில்லை. ஜான் ஸ்டீவன்ஸ் பட்டறை நிலைத்ததற்கு இரத்த உறவு மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அந்தத் தொடர்ச்சி 1927இல் அறுந்தது. விலையிலும் வேகத்திலும் ஆலைகளோடு போட்டியிடாமல், ஆலைகளால் தரமுடியாத ஒன்றைப் பட்டறை தேர்ந்துகொண்டது முதல் காரணம். அளவைப் பெருக்காமல் விரல்விட்டு எண்ணக்கூடிய கைவினைஞர்களோடு இயங்கியது இரண்டாவது. தேசிய நினைவகங்களின் வேலை பெயரையும் வருவாயையும் தந்தபோதும், தனிமனிதருக்கான சிலேட்டுக் கல்லை விடாமல் செய்துவந்தது மூன்றாவது. புதிதாகச் சேர்பவர் தூரிகையும் உளியும் பழகுவது அந்தச் சிறிய கற்களில்தான். பெரிய சுவர்களை எழுதும் கை அங்கேதான் உருவாகிறது.